கிட்டங்கியில் ஆளுக்கொரு பெட்டி: பல நிறுவனங்களுக்கு ஒரே தரவுத்தளம் அமைக்கும் வழி

காரைக்குடியில் சிறு வணிகங்களுக்கு மென்பொருள் எழுதும் எவருக்கும் இந்தக் கதை தெரிந்திருக்கும். முதலில் ஆத்தங்குடியில் ஒரு டைல்ஸ் பட்டறைக்கு பில் போடும் மென்பொருள் செய்து தருகிறோம். நன்றாக ஓடுகிறது. பட்டறைக்காரர் சொல்லி, பள்ளத்தூரில் பலகாரம் செய்து விற்பவர் ஒருவர் வருகிறார். இருக்கிற தரவுத்தளத்தைப் பிரதி எடுத்து, மேலே உள்ள கடைப் பெயரை மாற்றி அவருக்கும் கொடுத்துவிடுகிறோம். அடுத்து தேவகோட்டையில் ஓர் அரிசி ஆலை. பிறகு கானாடுகாத்தானில் பூர்வீக வீட்டை விடுதியாக மாற்றியவர், முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடை வைத்திருப்பவர், கண்டாங்கிச் சேலை நெய்து விற்பவர். திரும்பிப் பார்த்தால் இருபது பிரதிகள். வரி விதி ஒன்று மாறினால் இருபது இடங்களில் கை வைக்க வேண்டும். பத்தொன்பதில் மாற்றிவிட்டு ஒன்றை மறந்துவிடுவோம். அந்த ஒன்றுதான் தணிக்கையின்போது முன்னால் வந்து நிற்கும்.

அழகப்பர் கல்லூரிகளில் படிப்பை முடித்துவிட்டு எங்கள் அலுவலகத்துக்கு வரும் பிள்ளைகளுக்கு முதல் வாரத்தில் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். பல நிறுவனங்கள் ஒரே மென்பொருளை, ஒரே தரவுத்தளத்தைப் பயன்படுத்த வேண்டும். ஆனால் ஒருவர் கணக்கு இன்னொருவர் கண்ணில் படக்கூடாது. இதற்குப் புதிதாக ஓர் உவமை தேட வேண்டியதில்லை. நகரத்தார் ரங்கூனிலும் பினாங்கிலும் சிங்கப்பூரின் மார்க்கெட் தெருவிலும் லேவாதேவி நடத்திய கிட்டங்கிகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே நீளக் கூடம். அதில் பல கடைகளின் ஆட்கள் தரையில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொருவர் முன்னும் ஒரு மரப்பெட்டி. கூரையும் கூடமும் பொது. பெட்டியும் பேரேடும் சாவியும் தனி. இன்ன பெட்டி இன்ன கடையுடையது என்பதைத் தலைப்பெழுத்துகளால் ஆன விலாசம் சொல்லிவிடும். நாம் கட்டப்போவதும் ஒரு கிட்டங்கிதான்.

இங்கே சொல்பவை போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தை மனத்தில் வைத்து எழுதியவை. மைஎஸ்கியூஎல் பயன்படுத்துகிறவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். பொருந்தாத இடத்தைச் சொல்கிறேன்.

முதல் படி: வாடிக்கையாளர் யார் என்று காகிதத்தில் எழுதுங்கள்

கணினியைத் தொடுவதற்கு முன் ஒரு வெள்ளைத்தாளை எடுங்கள். பெரும்பாலான பிழைகள் இங்கேதான் விதைக்கப்படுகின்றன. ஆகவே இந்தப் படியில் நிதானமாக இருங்கள்.

புதியவர்கள் வழக்கமாக ‘நிறுவனம்’ என்று ஓர் அட்டவணை போட்டு, அதன் முதன்மைச் சாவியாக, அதாவது ஒரு வரிசையை (ஒரு பதிவை) மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டும் அடையாளமாக, ஜிஎஸ்டி எண்ணை வைத்துவிடுவார்கள். எண் தனித்துவமானதுதானே என்று தோன்றும். அந்த எண்ணின் அமைப்பைப் பாருங்கள். மொத்தம் 15 எழுத்துகள். முதல் இரண்டு மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்து பான் எண். அப்படியானால் நம் டைல்ஸ் பட்டறைக்காரர் பெங்களூரில் ஒரு கிடங்கு திறந்து அங்கிருந்து விற்றால், அதே பான் எண்ணுக்கு 29 என்று தொடங்கும் இன்னொரு ஜிஎஸ்டி எண் வந்துவிடும். நிறுவனம் ஒன்று, பதிவு இரண்டு. இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். ஒரே மனிதர் தனி உரிமையாளராகப் பலகாரக் கடையும் பாத்திரக் கடையும் வைத்திருப்பார். இரண்டும் அவருடைய ஒரே பான் எண்ணில், ஒரே ஜிஎஸ்டி பதிவில் ஓடும். ஆனால் லாபநட்டக் கணக்கைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்பார். வரம்புக்குக் கீழே விற்பனை உள்ள சிறு கடைக்கோ ஜிஎஸ்டி எண்ணே இருக்காது.

எனவே நான்கு அடுக்குகளைப் பிரித்து எழுதுங்கள். நமக்குச் சந்தா கட்டுகிற வாடிக்கையாளர், அவரிடம் உள்ள நிறுவனங்கள், வரிப் பதிவுகள், விற்பனை நடக்கும் கிளைகளும் கிடங்குகளும். ஒரு கிளை எந்த நிறுவனத்துக்கு உரியது, எந்தப் பதிவின் கீழ் பில் போடுகிறது என்று இரண்டு இணைப்புகள் அதற்கு இருக்கட்டும். நிறுவனத்துக்கு நாமே ஓர் எண் கொடுக்க வேண்டும். பெயர், ஊர், ஜிஎஸ்டி எண், உரிமையாளரின் கைபேசி எண் எல்லாம் மாறக்கூடியவை. நாம் கொடுத்த எண் மட்டும் எந்நாளும் மாறாது. இந்தக் கட்டுரையில் அதை ‘நிறுவன எண்’ என்றே சொல்கிறேன்.

அதே தாளில் மனிதர்களையும் எழுதுங்கள். பயனர் ஒருவர், நிறுவனம் ஒன்று என்று கட்டிவிடாதீர்கள். ஒரு ஆடிட்டர் நாற்பது நிறுவனங்களின் கணக்கைப் பார்ப்பார். குடும்பத்தில் ஒருவர் ஆலையில் பங்குதாரராகவும் அண்ணன் கடையில் வெறும் பார்வையாளராகவும் இருப்பார். பயனர் அட்டவணை தனி, நிறுவன அட்டவணை தனி. இடையில் ‘அனுமதி’ என்று மூன்றாவது அட்டவணை. யார், எந்த நிறுவனத்தில், எந்தப் பொறுப்பில், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்பது அதில் இருக்கும். வேலையை விட்டுப் போன கணக்குப்பிள்ளையின் வரிசையை அழிக்காதீர்கள். முடிவுத் தேதியைப் போடுங்கள். அவர் காலத்தில் எழுதிய பதிவுகளை யார் எழுதினார்கள் என்று பின்னாளில் கேள்வி வரும்.

இரண்டாம் படி: தனி வீடா, தனி அறையா, ஒரே கூடமா

பல நிறுவனங்களை வைத்துக்கொள்ள மூன்று வழிகள் உண்டு. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித் தரவுத்தளம் கொடுப்பது முதல் வழி. ஒரே தரவுத்தளத்துக்குள் நிறுவனத்துக்கு ஒரு ஸ்கீமா, அதாவது தனி அறை, ஒதுக்குவது இரண்டாவது. எல்லோருடைய வரிசைகளையும் ஒரே அட்டவணைகளில் வைத்து, ஒவ்வொரு வரிசையிலும் நிறுவன எண்ணை எழுதுவது மூன்றாவது. மைஎஸ்கியூஎல்லில் ஸ்கீமாவும் தரவுத்தளமும் ஒன்றே. அங்கே முதல் இரண்டு வழிகளுக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

தனி வீடு பாதுகாப்பானது. ஒருவருடைய பேக்கப்பை மட்டும் எடுத்து மீட்பது எளிது. ஆனால் ஐந்நூறு வீடுகளுக்கும் வெள்ளையடிக்கிற வேலை நம்முடையது. அட்டவணையில் ஒரு புலத்தை, அதாவது புது நெடுவரிசையை, சேர்க்கும் கட்டளையை ஐந்நூறு முறை ஓட்ட வேண்டும். நடுவில் நின்றுபோனால் எந்த வீடு எந்த நிலையில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். தனி அறை நடுவழி போலத் தோன்றும். புதியவர்களை மிகவும் ஈர்க்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். மென்பொருளில் 80 அட்டவணைகள், 500 நிறுவனங்கள் என்றால் 40,000 அட்டவணைகள். தரவுத்தளம் தன் சொந்தப் பட்டியலைப் புரட்டவே திணறும். பேக்கப் எடுக்கும் கருவியும் இழுத்துக்கொண்டே போகும்.

என் முடிவு இது: மாதம் சில நூறு பில் போடும் கடைகளுக்காக நீங்கள் எழுதுகிறீர்கள் என்றால் ஒரே கூடத்தில் தொடங்குங்கள். பெரிய நிறுவனம் ஒன்று வந்து, தன் கணக்கு தனி இடத்தில்தான் இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே கேட்டால், அதே அமைப்பை வேறொரு தரவுத்தளத்தில் நிறுவி, அந்த ஒரு நிறுவன எண்ணை மட்டும் அங்கே வையுங்கள். மென்பொருள் ஒன்றுதான், எந்த நிறுவனம் எந்தத் தரவுத்தளத்தில் என்று சொல்லும் சிறு அட்டவணை ஒன்று போதும். முதல் நாளே இந்த அட்டவணையைப் போட்டுவையுங்கள். அதில் எல்லா நிறுவனங்களும் ஒரே இடத்தையே காட்டினாலும் பரவாயில்லை.

மூன்றாம் படி: எந்தச் சீட்டிலும் விலாசம் இருக்கட்டும்

ஒரே கூடம் என்று முடிவு செய்துவிட்டால், நிறுவனத்துக்கு உரிய ஒவ்வோர் அட்டவணையிலும் நிறுவன எண் இருக்க வேண்டும். காலியாக விடக்கூடாது என்ற கட்டுப்பாட்டோடு இருக்க வேண்டும். பில்லில் மட்டும் போட்டால் போதாதா, பில்லின் வரிகளில், அதாவது பொருளுக்கு ஒன்றாகப் பில்லில் வரும் வரிசைகளில், எதற்கு, பில்லைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாமே என்று கல்லூரியிலிருந்து வரும் பிள்ளைகள் கேட்பார்கள். ஒரே செய்தியை இரண்டு இடங்களில் எழுதாதே என்று பாடப்புத்தகம் சொல்வது உண்மைதான். இங்கே அந்த விதியைத் தெரிந்தே மீறுகிறோம். காரணம், நான்காம் படியில் வரும் காவல் விதியை ஒவ்வோர் அட்டவணைக்கும் ஒரே வடிவில், வேறு அட்டவணையைப் புரட்டாமல் எழுத முடிகிறது. ஒரு நிறுவனத்தை வேறு இடத்துக்கு மாற்றும்போது எல்லா அட்டவணைகளிலிருந்தும் ஒரே நிபந்தனையில் அள்ளிக்கொள்ள முடிகிறது.

இதைவிட முக்கியமானது சாவிகள். பொருள் அட்டவணையில் பொருள் எண் மட்டும் சாவி, பில் வரியில் அந்தப் பொருள் எண் மட்டும் ஃபாரின் கீ (வேறோர் அட்டவணையின் வரிசையைச் சுட்டும் சாவி) என்று வைத்தால் என்ன ஆகும்? பள்ளத்தூர்க் கடையின் பில் வரி, தேவகோட்டை ஆலையின் அரிசி மூட்டையைச் சுட்டலாம். தரவுத்தளம் வாய் திறக்காது. அந்த எண்ணில் ஒரு பொருள் இருக்கிறது, அவ்வளவுதான் அதற்குத் தெரியும். ஆகவே சாவியை இணைச்சாவியாக வையுங்கள்: நிறுவன எண், பொருள் எண் இரண்டும் சேர்ந்தது முதன்மைச் சாவி. பில் வரியின் ஃபாரின் கீயும் இந்த இரண்டையும் சேர்த்தே சுட்ட வேண்டும். அப்போது வேற்று நிறுவனத்தின் பொருளைச் சுட்டும் வரிசையைத் தரவுத்தளமே ஏற்க மறுத்துவிடும்.

‘ஒன்றுதான் இருக்க வேண்டும்’ என்ற கட்டுப்பாடுகளுக்கும் இதே முறை. ‘தேன்குழல்’ என்ற பெயரில் ஒரு பொருள்தான் இருக்கலாம் என்று மொத்த அட்டவணைக்கும் கட்டுப்பாடு போட்டால், இரண்டாவது பலகாரக் கடைக்காரர் தேன்குழல் விற்க முடியாது. நிறுவன எண்ணும் பெயரும் சேர்ந்து ஒன்றாக இருக்க வேண்டும் என்று எழுதுங்கள். தேடலை விரைவாக்கும் இண்டெக்ஸிலும் பெரும்பாலும் நிறுவன எண்ணே முதலில் வரட்டும், அதன் பிறகு தேதியோ கணக்கோ. மாதாந்தரக் கணக்குத் தாக்கல் செய்கிறவர்களுக்கு, விற்பனை விவரம் தரும் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தின் கடைசி நாள் அடுத்த மாதம் 11. பத்தாம் தேதி இரவு எல்லாக் கடைகளும் ஒரே நேரத்தில் விற்பனைப் பட்டியலைக் கேட்கும். இண்டெக்ஸ் சரியில்லை என்றால் ஒரு கடையின் நூறு பில்லுக்காகத் தரவுத்தளம் எல்லோருடைய லட்சம் பில்லையும் புரட்டிக்கொண்டிருக்கும்.

இணைய முகவரியில் பில்லின் எண் தெரியும்படி வைத்தால் 1041-ஐ 1042 ஆக மாற்றிப் பார்க்கும் ஆர்வம் யாருக்கும் வரும். வெளியே தெரியும் இடங்களில் யூயூஐடி என்ற 128 பிட் அடையாள எண்ணைப் பயன்படுத்துங்கள். 2024-இல் தரப்படுத்தப்பட்ட ஏழாம் பதிப்பு யூயூஐடி கால வரிசையில் அமைவதால் இண்டெக்ஸுக்கும் நல்லது. ஆனால் ஊகிக்க முடியாத எண் காவல் ஆகிவிடாது. காவல் அடுத்த படியில்.

நான்காம் படி: காவலை மனிதர் நினைவில் வைக்காதீர்கள்

இந்தப் படிக்காகவே கட்டுரையை எழுதத் தொடங்கினேன்.

தொழிலுக்கு வந்த தொடக்க காலத்தில் நான் எழுதிய ஓர் அறிக்கை, வசூலாக வேண்டிய பாக்கிப் பட்டியல். எல்லா அறிக்கைகளிலும் ‘நிறுவன எண் இதுவாக இருக்க வேண்டும்’ என்ற நிபந்தனையை எழுதியிருந்தேன். இதிலும் எழுதியிருந்தேன். பிறகு, முன்பணம் கொடுத்தவர்களையும் சேர்த்துக் காட்டச் சொன்னார்கள். இரண்டாவது வினவலை (தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வியை) எழுதி முதலாவதோடு இணைத்தேன். இரண்டாவதில் நிபந்தனையை விட்டுவிட்டேன். மறுநாள் மாலை ஒரு கடைக்காரர் தொலைபேசியில் அழைத்தார். “தம்பி, இந்தப் பட்டியலில் இருக்கிறவர்கள் யார்? இவர்களிடம் நான் பணமே வாங்கியதில்லையே” என்றார். அவர் வாசித்த பெயர்கள், அதே தெருவில் அதே வியாபாரம் செய்கிற இன்னொருவரின் வாடிக்கையாளர்கள். யார் எவ்வளவு முன்பணம் கொடுத்திருக்கிறார்கள் என்பது உட்பட எல்லாம் அவர் திரையில் இருந்தது. இரண்டு பேர் வீட்டுக்கும் அன்றிரவே போய் நடந்ததைச் சொன்னேன். ஒருவர் பெருந்தன்மையாக விட்டுவிட்டார். இன்னொருவர் அந்த மாதத்தோடு கணக்கை முடித்துக்கொண்டார். அவர் செய்தது சரி.

நூறு வினவல்களில் தொண்ணூற்றொன்பதில் நினைவாக எழுதுவோம். நூறாவது இப்படி ஆகும். ஆகவே நிபந்தனையை வினவலில் எழுதும் பொறுப்பைத் தரவுத்தளத்திடமே கொடுங்கள். போஸ்ட்கிரஸ் இதற்காக 9.5 பதிப்பிலிருந்து, அதாவது 2016 தொடக்கத்திலிருந்து, வரிசைநிலைப் பாதுகாப்பு என்ற வசதியைத் தருகிறது. அட்டவணைக்கு ஒரு விதி எழுதிவிட்டால், யார் என்ன வினவல் போட்டாலும் விதிக்குப் பொருந்தும் வரிசைகள் மட்டுமே கண்ணில் படும். மைஎஸ்கியூஎல்லில் இந்த வசதி உள்ளார்ந்து இல்லை. அங்கே வினவல்களெல்லாம் கடந்துபோகும் ஒரே நிரல் வாசலில் நிபந்தனையைச் சேர்க்க வேண்டியிருக்கும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் போஸ்ட்கிரஸைச் சொல்வதற்கு இதுவே காரணம்.

செய்முறை இப்படி. பயனர் உள்ளே வந்து நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்ததும், அனுமதி அட்டவணையில் அவருக்கு உரிமை உண்டா என்று பாருங்கள். உண்டென்றால் ஒரு பரிவர்த்தனையை (முழுதாக முடியும், இல்லையேல் முழுதாக ரத்தாகும் வேலைத் தொகுப்பை) தொடங்கி, ‘இப்போதைய நிறுவனம்’ என்ற அமைப்பு மாறியில் நிறுவன எண்ணை வையுங்கள். அட்டவணையின் விதி, வரிசையின் நிறுவன எண்ணை அந்த மாறியோடு ஒப்பிடும். பார்ப்பதற்கும் எழுதுவதற்கும் இரண்டுக்குமே நிபந்தனை பொருந்த வேண்டும். வேறொரு நிறுவனத்தின் பெயரில் வரிசையை எழுதிவிடுவதும் கசிவுதான்.

கேட்க எளிதாக இருக்கும். சறுக்குகிற இடங்கள் ஐந்து உண்டு. ஐந்திலும் ஆட்கள் விழுந்திருக்கிறார்கள்.

அட்டவணையை உருவாக்கியவர் அதன் உரிமையாளர். விதி உரிமையாளரைக் கட்டுப்படுத்தாது. மென்பொருளும் அதே லாகினில் ஓடினால் விதி எழுதியும் பயனில்லை. அட்டவணைகளை உருவாக்க ஒரு லாகின், அன்றாட வேலைக்கு வேறொரு லாகின் வைத்துக்கொள்ளுங்கள். உரிமையாளருக்கும் விதி பொருந்த வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் கட்டளையையும் கொடுத்துவிடுங்கள். உச்ச அதிகாரம் கொண்ட சூப்பர்யூசர் எந்த விதிக்கும் கட்டுப்படாது. அந்த லாகினை மென்பொருளிடம் ஒருபோதும் தராதீர்கள்.

இரண்டாவது, இணைப்புத் தொகுப்பு. வேகத்துக்காக ஒரே இணைப்பைப் பல பயனர்கள் மாறிமாறிப் பயன்படுத்துவார்கள். நிறுவன எண்ணை இணைப்பு முழுவதற்குமாக வைத்துவிட்டால், ஆலைக்காரர் விட்டுச்சென்ற எண்ணோடு விடுதிக்காரர் உள்ளே வருவார். அந்தப் பரிவர்த்தனைக்குள் மட்டும் செல்லும்படி வைக்கும் கட்டளை உண்டு, அதையே பயன்படுத்துங்கள். பரிவர்த்தனை முடிந்த பிறகு மாறி வெற்றுச் சொல்லாகத் திரும்பும். அதை எண்ணாக மாற்றும்போது பிழை வரும், அல்லது விதியில் அதை இன்மை (மதிப்பே இல்லை) என்று மாற்றிக்கொண்டால் ஒரு வரிசையும் தெரியாது. எப்படி ஆனாலும் சரி. நிறுவனம் தெரியாதபோது எதுவும் தெரியக்கூடாது; எல்லாம் தெரிவதுதான் ஆபத்து.

மூன்றாவது, வியூக்கள், அதாவது பெயரிட்டுச் சேமித்துவைத்த வினவல்கள். அறிக்கைகளுக்கு வியூ எழுதுவது நல்ல பழக்கம். ஆனால் வழக்கமாக அது உருவாக்கியவரின் அதிகாரத்தில் ஓடுவதால் காவலைத் தாண்டிவிடக்கூடும். போஸ்ட்கிரஸ் 15 முதல், வியூவை அழைப்பவரின் அதிகாரத்தில் ஓடச் செய்யலாம். அந்தத் தேர்வை மறக்காமல் போடுங்கள்.

நான்காவது, ஃபாரின் கீ சரிபார்ப்பு இந்த விதிகளைப் பார்ப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத வேற்று நிறுவன வரிசையையும் சுட்டிவிடலாம். மூன்றாம் படியில் இணைச்சாவி வேண்டும் என்று அழுத்திச் சொன்னதன் இன்னொரு காரணம் இது.

ஐந்தாவது, புது அட்டவணை. இன்று எல்லாவற்றுக்கும் விதி எழுதுவீர்கள். அடுத்த ஆண்டு புதியவர் ஒருவர் சேர்க்கும் அட்டவணையில் விதி இருக்காது. நிறுவன எண் புலம் உள்ள ஒவ்வோர் அட்டவணைக்கும் விதி இருக்கிறதா என்று தரவுத்தளத்தின் உள்பட்டியலைப் பார்த்துச் சொல்லும் சோதனையை எழுதி, மென்பொருளை வெளியிடும் ஒவ்வொரு முறையும் ஓட்டுங்கள்.

ஐந்தாம் படி: பொதுவானதைப் பிரித்து வையுங்கள்

மாநிலக் குறியீடுகள், பொருள்களை வரிக்காக வகைப்படுத்தும் எச்எஸ்என் குறியீடுகள், அளவைகள் ஆகியவை கூடத்துத் தூண் போல எல்லோருக்கும் பொது. அவற்றில் நிறுவன எண் வேண்டாம்; மென்பொருளின் லாகினுக்கு வாசிக்கும் உரிமை மட்டும் போதும்.

வரி விகிதம் மட்டும் தனிக் கவனம் கேட்கும். 2025 செப்டம்பர் 22 அன்று 12, 28 விழுக்காட்டில் இருந்த பெரும்பாலான பொருள்கள் 5, 18 விழுக்காட்டுக்கு மாறின. விகிதத்தைப் பொருளின் ஒரு புலமாக மட்டும் வைத்திருந்தவர்கள் அன்று காலையில் எண்ணை மாற்றினார்கள். மாலையில் பழைய பில்லை மறுபடி அச்சிட்டபோது அதிலும் புது விகிதம் வந்தது. விகிதத்தை ‘இந்தத் தேதி முதல்’ என்ற புலத்தோடு தனி அட்டவணையில் வையுங்கள். பில் போடும்போது விகிதம், பொருளின் பெயர், வாங்குபவரின் முகவரி ஆகியவற்றைப் பில் வரிசைக்குள்ளேயே பிரதி எடுத்துவிடுங்கள். போட்ட பில் முடிந்த செய்தி. நாளைய மாற்றம் அதைத் தொடக்கூடாது.

ஆறாம் படி: பில் எண்ணும் பணமும்

பில் எண்ணுக்குத் தரவுத்தளம் தரும் தானியங்கி வரிசை எண்ணைப் பயன்படுத்தாதீர்கள். அது எல்லா நிறுவனங்களுக்கும் சேர்த்து ஓடும். பரிவர்த்தனை பாதியில் நின்றால் ஓர் எண்ணை விழுங்கிவிடும். ஜிஎஸ்டி விதிப்படி பில் எண் தொடர் வரிசையில், 16 எழுத்துகளுக்கு மிகாமல், ஒரு நிதியாண்டுக்குள் மறுபடி வராததாக இருக்க வேண்டும். எழுத்தும் எண்ணும் தவிர, சிறுகோடும் சாய்கோடும் மட்டுமே அனுமதி. ஆகவே நிறுவனம், வரிப் பதிவு, நிதியாண்டு, முன்னொட்டு ஆகிய நான்கும் சேர்ந்த ஒவ்வொரு சேர்க்கைக்கும் ஒரு வரிசை உள்ள ‘எண்ணி’ அட்டவணை போடுங்கள். பில்லைச் சேமிக்கும் அதே பரிவர்த்தனையில் அந்த வரிசையைப் பூட்டி, ஒன்றைக் கூட்டி, எண்ணை எடுங்கள். சேமிப்பு தோற்றால் எண்ணும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஒரே வரிப் பதிவில் இரண்டு கடைகள் நடத்துகிறவருக்கு முன்னொட்டை வேறு வேறாக வையுங்கள். ஏப்ரல் 1 அன்று புது எண் வரிசை தானாகத் தொடங்கட்டும். ஆனால் மார்ச் பில்லை ஏப்ரல் 3-இல் உட்கார்ந்து போடுகிறவரும் உண்டு. நிதியாண்டைக் கணினியின் தேதியிலிருந்து எடுக்காமல் பில்லின் தேதியிலிருந்து எடுங்கள்.

பணத்தை மிதவைப்புள்ளி எண்ணாக ஒருநாளும் சேமிக்காதீர்கள். அந்த முறையில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வரும். தசமத் துல்லிய வகையையே பயன்படுத்துங்கள். அளவுகளுக்கு மூன்று தசமம் வைத்துக்கொள்ளுங்கள். அரிசி ஆலைக்குக் கிலோவுக்குக் கீழே கிராமும் வேண்டும்.

ஏழாம் படி: ஒவ்வொருவருக்கும் உரிய தனிக்குணம்

ஆத்தங்குடிப் பட்டறையில் டைல்ஸைக் கண்ணாடியின் மேல் ஒவ்வொன்றாக ஊற்றிச் செய்கிறார்கள். வாங்குபவரோ சதுர அடிக் கணக்கில் கேட்கிறார். நூறு சதுர அடிக்கு 8 அங்குல டைல்ஸ் என்றால் 225, 10 அங்குலம் என்றால் 144, 12 அங்குலம் என்றால் 100. இருப்பு எண்ணிக்கையில் நிற்க வேண்டும், பில் சதுர அடியில் போக வேண்டும். பழம்பொருள் கடையில் ஒவ்வொரு பொருளும் ஒன்றே ஒன்று; இருப்பு ஒன்றுக்கு மேல் போகாது, ஆனால் புகைப்படமும் எங்கே வாங்கியது என்ற குறிப்பும் வேண்டும். சேலைக்காரருக்கு நீளமும் நூலின் வகையும் வேண்டும்.

ஒவ்வொருவர் கேட்பதற்கும் பொருள் அட்டவணையில் ஒரு புலம் சேர்த்தால் அது இருநூறு புலங்களோடு நிற்கும். பெரும்பாலானவை காலியாக இருக்கும். இரண்டாகப் பிரியுங்கள். கூட்டுவது, பெருக்குவது, வரி கணக்கிடுவது, அறிக்கையில் வடிகட்டுவது ஆகியவற்றுக்குத் தேவையானவை முறையான புலங்களாக இருக்கட்டும். அளவை மாற்றும் காரணி அப்படிப்பட்டது. அது எல்லாத் தொழிலுக்கும் உதவும், மூட்டைக்கும் கிலோவுக்கும்கூட. திரையில் காட்டவும் அச்சிடவும் மட்டுமே தேவையானவற்றை பெயரும் மதிப்புமாக எதையும் எழுதிவைக்கக்கூடிய ஜேசன் வகைப் புலம் ஒன்றில் போடுங்கள். எந்த நிறுவனத்துக்கு என்னென்ன கூடுதல் விவரங்கள், அவற்றின் பெயர், வகை என்று இன்னோர் அட்டவணை சொல்லட்டும். ஜேசன் வசதியாக இருக்கிறது என்று விலையையும் அதில் வைக்கும் ஆசை வரும். இடம் கொடுக்காதீர்கள்.

எட்டாம் படி: தமிழ்ப் பெயர்கள்

வேற்றுமொழி வழிகாட்டிகளில் இது வராது. ‘கொத்தமங்கலம்’ என்பதில் உள்ள ‘கொ’ ஒருங்குறியில் இரண்டு விதமாகச் சேமிக்கப்படலாம்: ஒகரக் குறி ஒரே குறியீடாகவோ, ஒற்றைக்கொம்பும் காலும் இரண்டு குறியீடுகளாகவோ. திரையில் இரண்டும் ஒன்றுதான். தரவுத்தளத்துக்கு வேறு வேறு. ஒரே வாடிக்கையாளர் இரண்டு முறை பதிவாவார், தேடினால் ஒருவர் கிடைக்கமாட்டார். சேமிக்கும் முன்பும் தேடும் முன்பும் சொற்களை என்எஃப்சி என்ற சீர்வடிவத்துக்கு மாற்றுங்கள். போஸ்ட்கிரஸ் 13 முதல் அதற்கான கட்டளை உள்ளேயே இருக்கிறது.

ஒன்பதாம் படி: அழிக்காதீர்கள், திருத்தக் கணக்கு எழுதுங்கள்

பேரேட்டில் தவறாக எழுதியதைச் சுரண்டி எடுக்கக்கூடாது என்பதை நம் பக்கத்துக் கணக்குப்பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அடித்துவிட்டு எழுதுவார்கள், அடித்தது தெரியும். தரவுத்தளத்திலும் கணக்குப் பதிவுகளை அழிக்கும் உரிமையை மென்பொருளின் லாகினுக்குக் கொடுக்காதீர்கள். தவறான பதிவுக்கு எதிர்ப்பதிவு போடுங்கள். மற்ற அட்டவணைகளில் யார், எப்போது, எதை, எதிலிருந்து எதற்கு மாற்றினார்கள் என்பதைத் தடஅட்டவணையில், மாற்றம் நடக்கும்போது தானாக ஓடும் தரவுத்தள ட்ரிக்கரே எழுதட்டும். அந்தத் தடத்திலும் நிறுவன எண் இருக்கட்டும். அதற்கும் காவல் விதி வேண்டும்.

இது நல்ல பழக்கம் மட்டுமல்ல. நிறுவனச் சட்டத்தின் கீழ் பதிவான கம்பெனிகள் 2023 ஏப்ரல் 1 முதல், அணைக்க முடியாத திருத்தத் தடம் கொண்ட கணக்கு மென்பொருளையே பயன்படுத்த வேண்டும். அவற்றின் கணக்கு வெளிநாட்டுச் சர்வரில் இருந்தால், அதன் பேக்கப் இந்தியாவில் உள்ள சர்வரில் நாள்தோறும் இருக்க வேண்டும். கணக்குப் புத்தகங்களை 8 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். உங்கள் வாடிக்கையாளர் இன்று கூட்டாண்மைக் கடையாக இருக்கலாம், நாளை பிரைவேட் லிமிடெட் ஆகலாம். தடத்தை முதல் நாளே வைத்துவிடுங்கள்.

பத்தாம் படி: உடைத்துப் பாருங்கள்

சோதனைத் தரவில் எப்போதும் இரண்டு நிறுவனங்களாவது இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் வைத்துச் சோதித்தால் கசிவு என்றைக்கும் தெரியாது. இரண்டிலும் ஒரே பெயரில் பொருள், ஒரே எண்ணில் பில், ஒரே பெயரில் வாடிக்கையாளர் என்று வேண்டுமென்றே போடுங்கள். முதல் நிறுவனமாக உள்ளே போய், இரண்டாவதின் பில்லை அதன் யூயூஐடியைக் கொடுத்தே கேளுங்கள். ‘உரிமை இல்லை’ என்று பதில் வந்தால்கூட அப்படி ஒன்று இருக்கிறது என்று காட்டிக்கொடுத்ததாகும். ‘அப்படி எதுவும் இல்லை’ என்றே வர வேண்டும். பிறகு இரண்டாவதின் பொருளை வைத்து ஒரு பில் வரியை எழுதப் பாருங்கள். மாறியை வைக்காமல் எல்லா அட்டவணைகளையும் வாசித்துப் பாருங்கள். ஒரு வரிசைகூட வரக்கூடாது.

கடைசியாக, ஒரே கூடத்தின் உண்மையான பலவீனத்தைச் சோதியுங்கள். ஒரு கடைக்காரர் தெரியாமல் தன் பொருள் பட்டியல் முழுவதற்கும் தவறான விலையைப் போட்டுவிட்டு, ‘நேற்று இரவு இருந்தபடி வேண்டும்’ என்பார். முழுத் தரவுத்தளத்தையும் நேற்றைக்குக் கொண்டுபோனால் மற்றவர்களின் இன்றைய பில்கள் போய்விடும். பேக்கப்பை வேறொரு கணினியில் மீட்டு, அங்கிருந்து அந்த ஒரு நிறுவன எண்ணின் வரிசைகளை மட்டும் எடுத்து, தாய் அட்டவணைகள் முதலில், சேய் அட்டவணைகள் பிறகு என்ற வரிசையில் திரும்ப எழுத வேண்டும். இந்த நிரலை விபத்து நடந்த அன்று எழுத முடியாது. இப்போதே எழுதுங்கள். வாடிக்கையாளர் நம்மை விட்டுப் போகும்போது அவருடைய கணக்கை முழுவதுமாக எடுத்துக் கொடுக்கவும் இதே நிரல்தான் உதவும். சோதனைப் பிரதியில் ஒரு நிறுவனத்தை முழுவதும் அழித்துவிட்டு, இந்த நிரலால் மீட்டு, இரண்டு நிறுவனங்களின் ஐந்தொகையையும் முன்பிருந்ததோடு ஒப்பிடுங்கள். தொடங்கிய நேரத்தையும் முடிந்த நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ‘எப்போது தம்பி சரியாகும்?’ என்று கேட்பவருக்குச் சொல்ல வேண்டிய மணிக்கணக்கு அது.